அகலம் உயிரைக் காக்காது

கம்பளை நகரத்து வீதியைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: வீதியை அகலப்படுத்த வேண்டும். கடைக்காரர் சொல்வார், ஆசிரியர் சொல்வார், வான் சாரதி சொல்வார், தேர்தல் மேடையில் நிற்பவர் இன்னும் உரக்கச் சொல்வார். கூடவே இரண்டு துணைக் கோரிக்கைகளும் வரும். நடைபாதை வியாபாரிகளையும் ஆட்டோக்களையும் அப்புறப்படுத்த வேண்டும். கண்ட இடத்தில் குறுக்கே பாயும் சனத்துக்கு ஒழுக்கம் கற்பிக்க வேண்டும்; அதற்கும் மசியாவிட்டால் மேலே ஒரு பாலத்தைப் போட்டு அதில் ஏற்றிவிட வேண்டும். இவ்வளவும் செய்தால் நெரிசலும் தீரும், விபத்தும் குறையும் என்பது ஊர் ஏற்றுக்கொண்ட முடிவு. கட்சி, மதம், மொழி என்று வேறெதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போகிறார்கள்.

அபூர்வமாகக் கிடைத்த ஒற்றுமையைக் குலைக்கிறோமே என்ற சங்கடம் எனக்கும் உண்டு. இருந்தாலும் முடிவு பிழையானது. அகலப்படுத்திய வீதி நெரிசலைச் சில வருடங்களுக்குத் தணிக்கலாம். நடந்து போகிறவருடைய உயிருக்கு அது புதிய ஆபத்தைத்தான் கொண்டுவரும்.

சேர்த்துக் கட்டி வைத்திருக்கும் இரண்டை முதலில் அவிழ்க்க வேண்டும். நெரிசல் வேறு, ஆபத்து வேறு. பாடசாலை விடும் நேரத்தில் நகரத்துக்குள் வாகனங்கள் ஊர்கின்றன. ஹோர்ன் சத்தம் காதைப் பிளக்கிறது, பஸ்ஸுக்குள் நிற்பவருக்கு மூச்சு முட்டுகிறது, சாரதிகளுக்குக் கோபம் தலைக்கேறுகிறது. அந்த நேரத்தில் ஒரு பம்பர் கீறும், ஒரு பக்கக் கண்ணாடி உடையும், இரண்டு பேர் இறங்கி வாய்ச்சண்டை பிடிப்பார்கள். ஊர்ந்து வரும் காரில் தட்டுப்பட்டவர் பெரும்பாலும் திட்டிக்கொண்டே எழும்பிவிடுவார். உயிர் போகும் அடி விழுவது வீதி வெறித்துக் கிடக்கும் நேரத்தில்தான்: விடியற்காலையில் முதல் பஸ்ஸுக்கு ஆட்கள் நடந்து வரும்போது, கடைகள் சாத்திய பிறகு, நீண்ட விடுமுறையில் நுவரெலியாவை எட்டிப் பிடிக்கத் துடிக்கும் வான்கள் வரிசை வரிசையாக வரும்போது. அப்போதுதான் வேகம் பிடிக்க இடம் கிடைக்கிறது. அகலப்படுத்தல் என்பது அந்த இடத்தை நாள் முழுவதும் திறந்துவிடும் ஏற்பாடு.

வேகத்தைப் பற்றிப் பேசினால் நம்மில் பலர் அதை ஒரு குணக்குறையாக, பொறுமை இல்லாத இளைஞர்களின் பிரச்சினையாக எடுத்துக்கொள்கிறார்கள். அது முதலில் பௌதிகம். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் காருக்கு முன்னால் ஒரு பிள்ளை குதித்தால், சாரதி சுதாரிக்க எடுக்கும் ஒரு விநாடியில் கார் எட்டு மீற்றருக்குச் சற்று அதிகமாக ஓடும். பிரேக் பிடித்த பிறகு இன்னும் ஐந்து மீற்றர். மொத்தம் பதின்மூன்று மீற்றருக்குச் சற்று மேல் ஓடி நின்றுவிடும். 50 கிலோமீற்றர் வேகத்தில் வருபவருக்கு அந்த ஒரு விநாடியிலேயே பதினான்கு மீற்றர் போய்விடுகிறது. அதாவது முதலாமவர் வண்டியை நிறுத்திவிட்ட இடத்தில், இரண்டாமவர் இன்னும் பிரேக்கில் காலையே வைக்கவில்லை. பிள்ளையை அவர் முழு 50இல் மோதுகிறார். மோதலின் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், அந்த அடி 30இல் விழும் அடியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. இத்தனைக்கும் 50 என்பது இலங்கையில் கட்டடங்கள் நிறைந்த பகுதிகளில் சட்டமே கார்களுக்கு அனுமதிக்கும் வேகம். சட்டத்தை மீறாமலே கொல்லலாம்.

உலகச் சுகாதார அமைப்பு பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு ஒன்று உண்டு: சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது. வீதியைக் காப்பெட் போட்டு நேராக்கி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீற்றர் விரித்தால் சராசரி வேகம் ஒரு சதவீதத்தோடு நிற்காது. அகலமான இடத்தில் வலது கால் தானாகவே அழுத்தும். அதற்குச் சாரதி கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. நம் எல்லோருடைய காலும் அப்படித்தான்.

இந்த வீதியின் வேலை என்ன என்பதை ஊர் மறந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். வரைபடத்தில் இது ஏ-5: பேராதனையில் புறப்பட்டு கெலிஓயா, கம்பளை, புசல்லாவை, றம்பொடை, நுவரெலியா, பதுளை என்று ஏறி இறங்கி, கிழக்கே செங்கலடியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை. கம்பளைக்குள் நுழைந்ததும் அதுவே கடைத்தெருவாகவும், பாடசாலைக்குப் போகும் பாதையாகவும், வைத்தியசாலைக்குப் போகும் வழியாகவும், பெருநாளுக்கும் தீபாவளிக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் உடுப்பு எடுக்கும் இடமாகவும் மாறிவிடுகிறது. நாவலப்பிட்டிப் பக்கத்திலிருந்து வருபவர்களும் தொழுவைப் பக்கத்திலிருந்து வருபவர்களும் இறங்கி ஏறுவது இங்கேதான். புசல்லாவைத் தோட்டங்களிலிருந்து சம்பள நாளுக்குப் பிறகு சாமான் வாங்க வரும் குடும்பங்களுக்கு இது நெடுஞ்சாலை அல்ல, டவுன். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் மகாவலி, நடுவில் ரயில் பாதை. இந்த இடுக்கில்தான் நெடுஞ்சாலையும் கடைத்தெருவும் ஒரே தாரில் கிடக்கின்றன. இரண்டு வேலையில் எதற்கு முதலிடம் என்று யாரும் தீர்மானிக்காததால், வேகமாக வருபவர் அதைத் தீர்மானித்துக்கொள்கிறார்.

வரலாறும் நடப்பவர் பக்கம்தான் இருக்கிறது. கம்பளை பதினான்காம் நூற்றாண்டில் ஓர் இராச்சியத்தின் தலைநகர். அதை விடுவோம். 1820களில் ஆளுநர் எட்வர்ட் பான்ஸின் ஆதரவோடு ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளை சிங்காபிட்டியவில் கோப்பித் தோட்டம் போட்டார். நாட்டின் முதல் வணிகக் கோப்பித் தோட்டங்களில் ஒன்று அது. மலைநாட்டு வீதிகள் வெட்டப்பட்டது அந்தக் கோப்பிக்காகவும் படைகளுக்காகவும். கோப்பியை இறக்கியது மாட்டு வண்டி. தோட்டத்துக்கு ஆட்கள் வந்தது கால்நடையாக. தென்னிந்தியாவிலிருந்து மன்னார் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து, அதற்கு மேலும் நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று கம்பளை பஸ் நிலையத்துக்கு முன்னால் வீதியைக் கடக்க வழியில்லாமல் நிற்கிறார்கள். மோட்டார் வாகனம் இந்த வீதிக்குக் கடைசியாக வந்த விருந்தாளி. வீட்டுக்காரரை ஒதுங்கச் சொல்லும் உரிமை அதற்கு எப்போது வந்தது?

அகலப்படுத்தினால் நெரிசலாவது தீருமா? நிரந்தரமாகத் தீராது. போக்குவரத்து ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லிவரும் விடயம் இது: இடம் கொடுத்தால் வாகனம் வரும். இதுவரை ரயிலில் போனவர் காரை எடுப்பார், காலை ஆறு மணிக்குப் புறப்பட்டவர் ஏழரைக்குப் புறப்படுவார், வேறு பாதையால் போனவர் இங்கே திரும்புவார். அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் கேட்டி நெடுஞ்சாலையை 2008இல் சில இடங்களில் இருபதுக்கும் மேற்பட்ட தடங்களாக விரித்தார்கள். 2011க்கும் 2014க்கும் இடையில் அங்கே மாலை நேரப் பயணம் பாதிக்கும் மேல் நீண்டுவிட்டது. நம் பக்கத்துக் கணக்கையும் பார்க்கலாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. ஐந்து வருடப் பசியோடு சந்தை காத்திருந்தது. அம்புளுவாவ கோபுரத்தின் படங்கள் கைத்தொலைபேசிகளில் பரவிய பிறகு வெளிநாட்டுப் பயணிகளும் கம்பளையை நோக்கித் திரும்பியிருக்கிறார்கள். புதிதாகக் கிடைக்கும் ஒரு தடத்தை நிரப்ப இவை போதும். நிரம்பிய பிறகு மிஞ்சுவது என்ன? உச்ச நேரத்தில் பழைய நெரிசல், மற்ற நேரத்தில் கூடிய வேகம், கடப்பதற்கு இன்னும் நீண்ட தூரம். மூட்டு வலியோடு நடக்கும் ஒரு ஆச்சி ஏழு மீற்றர் கடக்க எடுக்கும் நேரத்தையும் பதினான்கு மீற்றர் கடக்க எடுக்கும் நேரத்தையும் வீதியோரத்தில் நின்று எவரும் அளந்து பார்க்கலாம்.

இனி ஒழுக்கம். இந்த வாதத்துக்குத்தான் ஊரில் அதிக மரியாதை. மறுப்பதற்கும் இதுதான் சிரமம். ஏனென்றால் பாதி உண்மை அதில் இருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டுபவர் இருக்கிறார். தொலைபேசியைக் காதில் இடுக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வளைந்து நெளிந்து போகிறவர் இருக்கிறார். மஞ்சள் கோட்டுக்குப் பத்தடி தள்ளி நின்று குறுக்கே ஓடுபவரும் இருக்கிறார். (கோடு வெள்ளையாகி எவ்வளவோ காலம், பேச்சில் இன்னும் மஞ்சள்தான்.) எல்லாம் சரி. ஆனால் "நம்ம சனம் திருந்தாது" என்ற முடிவுக்கு வருகிறவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இதே சனத்தில் ஒருவர் கட்டாரிலும் துபாயிலும் பத்து வருடம் வாகனம் ஓட்டுகிறார், கோடு தாண்டுவதில்லை. 2011இல் திறந்த தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஏறினால் இதே சாரதி தடம் பார்த்து ஓடுகிறார். இறங்கிக் கம்பளைக்கு வந்ததும் அவருடைய இரத்தம் மாறிவிடுகிறதா? மாறுவது வீதி. அங்கே எங்கே ஓடவேண்டும் என்பதைத் தார் சொல்கிறது, மீறினால் பிடிபடுவோம் என்பது தெரிகிறது. இங்கே தார் எதுவும் சொல்வதில்லை.

தனியார் பஸ்காரரை எல்லோரும் திட்டுகிறோம், நானும் திட்டியிருக்கிறேன். 1958இல் அரசுடைமையான பஸ் சேவைக்குள் 1979இல் தனியார் மீண்டும் விடப்பட்டபோது உருவான ஏற்பாட்டைத் திட்டுபவர்கள் குறைவு. ஒரு பஸ், ஓர் உரிமையாளர். அன்றைய வசூலைப் பொறுத்து சாரதிக்கும் நடத்துனருக்கும் கூலி. முன்னால் போகிற பஸ் ஏற்றிக்கொள்ளும் ஒவ்வொரு பயணியும் பின்னால் வருபவரின் சட்டைப் பையிலிருந்து போகிறார். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நிறுத்துமிடத்தில் ஆற அமர நின்று புறப்படு, முந்தாதே என்று உபதேசம் செய்தால், பசித்தவனிடம் விரதத்தைப் பற்றிப் பேசுவது போலத்தான். மாதச் சம்பளமும் ஒழுங்கான நேர அட்டவணையும் கொடுத்துப் பாருங்கள். ஓட்டப் பந்தயம் பாதி தானாக நின்றுவிடும்.

நடப்பவரின் ஒழுக்கமும் அப்படித்தான். ஆட்கள் குறுக்கே ஓடும் இடங்களைக் கவனித்தால் அதில் ஒரு விதி இருப்பது தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலிருந்து போகவேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறார்கள். நூறு மீற்றர் தள்ளிக் கடவையைப் போட்டுவிட்டு, அங்கே நடந்து போய்த் திரும்பி வா என்றால், கையில் அரிசிப் பையும் இடுப்பில் பிள்ளையும் உள்ள பெண் போகமாட்டார். போகவும் கூடாது. இருநூறு மீற்றர் சுற்றிப் போவது காரில் இருப்பவருக்கு அரை நிமிடம். அந்தப் பெண்ணுக்கு அது மழைக்குள் ஒரு பயணம். கடவையை ஆட்கள் கடக்கும் இடத்துக்குக் கொண்டுவருவதை விட்டுவிட்டு, ஆட்களைக் கடவைக்கு இழுக்கப் பொலிஸாரை நிறுத்துகிறோம்.

மேம்பாலக் கோரிக்கை இந்த மனநிலையின் உச்சம். லொறியும் பஸ்ஸும் அடியால் போக வேண்டுமென்றால் பாலம் ஐந்தரை மீற்றர் அளவு உயரத்தில் நிற்க வேண்டும். முப்பத்தைந்து படி ஏறி முப்பத்தைந்து படி இறங்க வேண்டும். இளம் கால்களுக்கு இது விளையாட்டு. வைத்தியசாலைக்கு வரும் கர்ப்பிணிக்கும், ஊன்றுகோல் பிடித்தவருக்கும், தலையில் மூட்டை சுமப்பவருக்கும் அது ஒரு மதில். அவர்கள் கீழேயே கடப்பார்கள். மேலே பாலம் இருப்பதால் கீழே யாரும் வரமாட்டார்கள் என்று நம்பி வரும் சாரதி இன்னும் வேகமாக வருவார். பாலம் பயன்படுமிடம் இல்லாமல் இல்லை. சென்னையில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பஸ் நிலையத்தையும் 2023இல் ஓர் ஆகாய நடைபாதையால் இணைத்தார்கள். ரயில் நிலையத்திலிருந்து வீதிக்கு இறங்காமலே பஸ்ஸுக்குப் போகலாம், மின்தூக்கியும் உண்டு. அது நடப்பவருக்காகக் கட்டியது. வீதியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆளை ஏற்றி இறக்கும் பாலம் காருக்காகக் கட்டப்படுவது, நடப்பவர் பெயரில் பட்ஜெட் போட்டாலும்.

வியாபாரிகள் விடயத்தில் எனக்கும் முழுத் தெளிவு இல்லை. நடைபாதையை முழுவதும் மூடிக் கடை பரப்பினால் நடப்பவர் தாருக்கு இறங்கத்தான் வேண்டும். அது ஆபத்து, மறுப்பதற்கில்லை. ஆனால் நடைபாதையைத் தின்பது அவர்கள் மட்டும்தானா? வடிகான் மேலே போட்ட சிலாப் உடைந்து வாய் திறந்து கிடப்பதால் இறங்குகிறோம். கடைக்காரர் படியை வெளியே இழுத்துக் கட்டியதால் இறங்குகிறோம். மின்கம்பம் நட்ட நடுவில் நிற்பதால் இறங்குகிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓரத்தில் நிறுத்திய காரால் இறங்குகிறோம். ஒரு கார் நிற்க ஏறத்தாழ பன்னிரண்டு சதுர மீற்றர் வேண்டும். அது கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது பெரும்பாலும் ஒரு குடும்பத்தை. அதே இடத்தில் நான்கைந்து பேர் மரக்கறியும் வெற்றிலையும் விற்றுப் பிழைக்கலாம், அவர்களைத் தேடி நாள் முழுவதும் சனம் வரும். அப்புறப்படுத்தல் என்று வந்தால் மட்டும் பலகையோடு ஓடுபவர் யார் என்பது நமக்குத் தெரியும். நடக்க இரண்டு மீற்றரைக் கண்டிப்பாக ஒதுக்கிவிட்டு, அதற்கு வெளியே வியாபாரிக்குக் கோடு போட்டு இடம் கொடுப்பது நகர சபையால் முடிகிற காரியம். கார் நிறுத்த மிஞ்சும் இடத்துக்குக் கட்டணம் வாங்குவதும் அப்படியே.

புறவழி வீதி வேண்டும் என்கிறார்கள். மலைக்கும் ஆற்றுக்கும் இடையில் அதற்கு இடம் எங்கே என்று பொறியியலாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கட்டினாலும் அது எடுத்துச் செல்வது கம்பளையில் வேலை இல்லாத வாகனங்களைத்தான். கம்பளைக்கே வருகிறவர்கள் தொடர்ந்து வருவார்கள், வீதி இன்னும் காலியாக இருக்கும், இன்னும் வேகமாக ஓடலாம். புறவழி வந்தாலும் வராவிட்டாலும் டவுன் வீதிக்குச் செய்யவேண்டியது ஒன்றுதான்.

2025 மே 11 அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கி இதே ஏ-5 வீதியில் கம்பளைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்த இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் ஒன்று கொத்மலை கெரண்டி எல்லவில் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாடு அதிர்ந்தது. பஸ் சாரதிகளுக்கு ஆசனப்பட்டி கட்டாயமானது, பாதுகாப்பு வேலிகள் பற்றிப் பேச்சு எழுந்தது. எல்லாம் வேண்டியவையே. ஆனால் இலங்கையில் வீதி விபத்துகளில் அண்மைய ஆண்டுகளில் வருடத்துக்கு 2,300க்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள்; 2020இல் வெளிவந்த உலக வங்கி அறிக்கை ஏறத்தாழ 3,000 என்றே கணக்குச் சொன்னது. எந்தக் கணக்கை எடுத்தாலும் மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு கொத்மலை. அந்த மற்றக் கொத்மலைகள் ஒரே பள்ளத்தில் விழுவதில்லை. கெலிஓயாவில் ஒருவர், வெலிகல்லவில் ஒருவர், உலப்பனையில் ஒருவர் என்று நாட்டின் எல்லா டவுன்களிலும் தனித்தனியாக விழுகிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் நடந்தவர்கள், அல்லது இரண்டு, மூன்று சில்லில் போனவர்கள். பத்திரிகையில் நான்கு வரி, ஒரு வெள்ளைக் கொடி, ஒரு கண்ணீர் அஞ்சலிப் பதாகை. விசாரணைக் குழு கிடையாது. காரணம் என்ற இடத்தில் "சாரதியின் கவனயீனம்" என்றோ "பாதசாரியின் கவனயீனம்" என்றோ எழுதிக் கோப்பை மூடுகிறோம். வீதியின் கவனயீனம் என்று எழுதும் வழக்கம் இன்னும் வரவில்லை.

சுவீடன் பாராளுமன்றம் 1997இல் அந்த வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. மனிதன் பிழை விடுவான், பிழைக்குத் தண்டனை மரணமாக இருக்கக்கூடாது, அப்படி இல்லாமல் பார்த்துக்கொள்வது வீதியைப் போடுபவரின் பொறுப்பு என்பது அவர்களுடைய கொள்கை. 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோமில் கூடிய உலக மாநாடு, நடப்பவரும் வாகனமும் கலக்கும் இடங்களில் 30 கிலோமீற்றரே உச்ச வேகம் என்று பிரகடனம் செய்தது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இன்று பாதிக்கும் மேற்பட்ட வீதிகளுக்கு 30தான் எல்லை. 2025 கோடையில் அந்த நகரம், ஒரு முழு வருடம் வீதியில் ஒருவரும் இறக்கவில்லை என்று அறிவித்தது. கம்பளையை விடப் பல மடங்கு பெரிய நகரம் அது. பின்லாந்துக்காரர் பிறவியிலேயே ஒழுக்கமானவர் என்று சொல்ல வருகிறவர்களுக்கு: அங்கேயும் முன்பு ஆட்கள் இதே போலச் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கம்பளைக்கு என்ன வேண்டும் என்பதில் பெரிய இரகசியம் இல்லை. பேராதனைப் பக்கத்து நுழைவாயிலிலிருந்து மகாவலிப் பாலம் வரையும், நாவலப்பிட்டி வீதியில் கடைகள் முடியும் வரையும் 30. அதைப் பலகையில் மட்டும் எழுதினால் யாரும் மதிக்கப் போவதில்லை. தாரில் எழுத வேண்டும். பஸ் நிலையம், ரயில் நிலையம், ஆதார வைத்தியசாலை, சாஹிராக் கல்லூரி, விக்கிரமபாகு போன்ற பாடசாலைகளுக்கு அருகே கடவையை நடைபாதையின் உயரத்துக்கே தூக்கிவிட்டால், வாகனம் ஏறி இறங்கித்தான் போகவேண்டும், நடப்பவர் சமதரையில் கடப்பார். தடத்தை மூன்று மீற்றருக்குச் சுருக்கலாம். பஸ்ஸுக்கு அது போதும். சுருக்கி மிஞ்சியதை நடைபாதைக்குக் கொடுக்கலாம். அகலம் உள்ள இடத்தில் நடுவில் ஒரு திட்டு வைத்தால், ஒரு பக்கம் பார்த்துப் பாதி கடந்து, நின்று, மறுபக்கம் பார்க்கலாம். பஸ் நிறுத்தம் கடவையைத் தாண்டி இருக்க வேண்டும், முன்னால் நின்றால் பஸ் மறைத்துவிடும். கடவைக்கு மேலே நல்ல வெளிச்சம். கம்பளை மழையில் கறுப்புக் குடைக்குள் வருபவரை இரவில் பார்க்க வேறு வழி கிடையாது.

இவற்றைச் செய்வதற்கு இருக்கும் பெரிய தடை பணமல்ல. தாருக்குச் சொந்தக்காரர் வீதி அபிவிருத்தி அதிகார சபை. நடைபாதை வியாபாரமும் குப்பையும் நகர சபை. மாகாணத்துக்குள் ஓடும் பஸ்ஸுக்கு மாகாண அதிகார சபை, மாகாணம் தாண்டும் பஸ்ஸுக்குத் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு. தண்டப் பத்திரம் எழுதுவது பொலிஸ். கடவையில் ஒரு பிள்ளை அடிபட்டால் இவர்களில் யார் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டால் ஐந்து பேரும் மற்ற நால்வரைக் காட்டலாம், ஐந்து பேரும் சட்டப்படி சரியாகவே சொல்வார்கள். அகலப்படுத்தல் எல்லோருக்கும் பிடித்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ. அதைக் கொழும்பு செய்ய வேண்டும், கொழும்பு செய்யும்வரை யாரும் எதையும் செய்யத் தேவையில்லை.

"வாகனம் மெதுவாகப் போனால் ஊரே ஸ்தம்பித்துவிடும்" என்பார்கள். டவுன் பகுதி இரண்டு கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 50இல் போனால் இரண்டு நிமிடம் இருபத்துநான்கு விநாடி. 30இல் போனால் நான்கு நிமிடம். இழப்பு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல், அதுவும் நடுவில் எங்கும் நிற்காமல் ஓட முடிந்தால். உச்ச நேரத்தில் 30ஐயே எட்ட முடியாத வீதியில் இழக்க என்ன இருக்கிறது? அம்பியூலன்ஸுக்கு வழி? அதை இன்று மறித்து நிற்பது ஓரத்துக் கார்களும் இரட்டை வரிசையும்தான்.

கடைசியாக முதலாளிமாரின் பயம். காரை முன்னால் நிறுத்த முடியாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்கிறார்கள். கண்டியில் தலதா மாளிகைக்கு முன்னால் உள்ள வீதி 1998 ஜனவரிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு வாகனங்களுக்கு மூடப்பட்டது. அதைத் திறக்கச் சொல்லும் குரல்கள் இன்றும் உண்டு, வாகனங்கள் சுற்றிப் போவதால் வாவிக்கரை நெரிகிறது என்பதும் மெய்தான். ஆனால் கால் நூற்றாண்டுக்கு மேலாக அந்த மூடிய வீதியோடு கண்டி கடை நடத்திக்கொண்டுதான் இருக்கிறது. சென்னைப் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கி வாகனத்துக்கு இடத்தைச் சுருக்கும் திட்டம் வந்தபோது அங்கேயும் கடைக்காரர்கள் இதே பயத்தோடு எதிர்த்தார்கள். 2019 நவம்பரில் அது திறந்தது. மாலையில் அங்கே நடக்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடைக்குள் நுழைவது கார் அல்ல, கால். கம்பளைக் கடைகளுக்கு அது இன்னும் பொருந்தும். புடவைக் கடையிலும் பாத்திரக் கடையிலும் நிற்பவர்களில் எத்தனை பேர் பஸ்ஸில் வந்தவர்கள் என்று முதலாளிமார் ஒரு சனிக்கிழமை கல்லாவில் இருந்துகொண்டே கேட்டுப் பார்க்கலாம்.

அகலப்படுத்துவதாக இருந்தால் முதலில் இடிபடப்போவதும் அவர்களுடைய கடை முகப்புதான். காணி சுவீகரிப்பு, நட்டஈடு, வழக்கு என்று அது இழுபடும் ஆண்டுகளை மலைநாட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பஸ் நிலையத்துக்கு முன்னால் ஓர் உயர்த்திய கடவை போட ஒரு செங்கல்லையும் உடைக்க வேண்டாம். நகர சபையில் ஒரு தீர்மானம், வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு ஒரு கடிதம். வைத்தியசாலை வாசலுக்கு இரண்டாவது, பாடசாலைகளுக்கு அடுத்தது. வீதியை அகலப்படுத்தித் தாருங்கள் என்று கேட்டு எழுதும் கடிதத்துக்கு ஒட்டும் அதே முத்திரை இதற்கும் போதும்.